உதவிப்பணத்தில் வாழும் தனித்தாய்: திரை காட்டும் கணக்கும் காட்டாத கணக்கும்

ஜேர்மனியில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத் தாயோ தந்தையோ தனித்து நின்று நடத்துகிறார்கள். அப்படித் தனித்து வளர்ப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். இந்தக் குடும்பங்களில் சுமார் 40 வீதமானவை வறுமை ஆபத்தில் உள்ளவையாகக் கணக்கிடப்படுகின்றன. மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஜொப்சென்ரரின் உதவியோடு வாழ்கின்றன.

ஆனால் "சோசல் எடுக்கிற தனித்தாய்" என்றதும் பலருக்கு இந்த எண்கள் நினைவில் வருவதில்லை. தொலைக்காட்சி தந்த ஒரு படம்தான் வருகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சோபாவில் இருக்கும் பெண், கையில் சிகரெட், சுவரில் பெரிய தொலைக்காட்சி, ஆளுக்கொரு தகப்பன் உள்ள பிள்ளைகள். இந்தப் படம் எப்படி உருவானது, அது எந்தக் கணக்கை மறைக்கிறது, எமது குடும்பங்களுக்குள் வந்து என்ன செய்கிறது என்பதை இங்கே எழுதுகிறோம். தொகைகள் எல்லாம் 2025ஆம் ஆண்டுக்கானவை.

டோர்ட்மண்டில் வாழும் எமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. இந்த நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. ஹூஷ் ஆலைகளின் உலைகள் 2001இல் அணைந்தன. வேலை போன நகரத்தில் உதவி பெறுவோர் கூடுவது இயல்பு. ஆனால் வறுமையைப் படம்பிடிக்க வரும் கமரா, தொடருந்து நிலையத்துக்கு வடக்கே உள்ள நோர்ட்ஸ்டாட்டுக்குப் போய், உலை அணைந்த கதையை விட்டுவிட்டு, வாசலில் நிற்கும் மனிதரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவதை நாம் பல தடவை பார்த்திருக்கிறோம்.

தொலைக்காட்சிக்கு முன்பே வந்த பெயர்

தனித்தாயின் மீதான சந்தேகம் தொலைக்காட்சியோடு பிறக்கவில்லை. மேற்கு ஜேர்மனியில் 1970ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி வரை, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பாதுகாவலர் சட்டப்படி அரச பணிமனை. தந்தையும் பிள்ளையும் சட்டத்தின் பார்வையில் உறவினரே அல்லர். பெற்ற தாய் முழுப் பொறுப்பாளராகச் சட்டம் மாற வேண்டியிருந்தது. இந்த நிலையை எதிர்த்தே 1967இல் லூயிசே ஷூஃபெல் என்ற ஆசிரியை திருமணமாகாத தாய்மாருக்கான சங்கத்தைத் தொடங்கினார். அதுதான் இன்று தனித்து வளர்க்கும் தாய் தந்தையர் சங்கமாக, ஃபாம்ஃப் என்ற சுருக்கப் பெயரோடு நாடு முழுவதும் இயங்குகிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு: "நலப்பணி ராணி". 1974இல் சிக்காகோ பத்திரிகைகள் லிண்டா டெய்லர் என்ற பெண்ணின் மோசடிகளை எழுதின. 1976 தேர்தல் மேடைகளில் ரொனால்ட் ரேகன் அந்த ஒரு பெண்ணின் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் உண்மையிலேயே மோசடிக்காரிதான். ஆனால் அந்த ஒருவரின் முகம், உதவி பெற்ற எல்லாக் கறுப்பினத் தாய்மாரின் முகமாக மாறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1996இல், வாழ்நாளில் 5 ஆண்டுகளுக்கு மேல் மத்திய அரசின் குடும்ப உதவி இல்லை என்ற சட்டம் வந்தது.

பிரித்தானியாவில், 1992இல் சமூகப் பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் லில்லி, வீட்டு வரிசையில் முந்துவதற்காகவே கர்ப்பமாகும் இளம்பெண்கள் என்று கட்சி மாநாட்டில் பாட்டாகவே பாடிக் கேலி செய்தார். 2014 ஜனவரியில் சனல் 4, பேர்மிங்ஹாமின் ஒரு தெருவை வைத்து "பெனிஃபிட்ஸ் ஸ்ட்ரீட்" தொடரை ஒளிபரப்பியது. 2017 ஏப்ரலில் மூன்றாவது பிள்ளைக்கு மேலதிக உதவி இல்லை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. லண்டனில் உள்ள எமது உறவுகள் இதை நன்கு அறிவார்கள்.

இந்த நாடுகளில் ஒரு பொது ஒழுங்கு தெரிகிறது. முதலில் படம் வருகிறது. பிறகு சட்டம் வருகிறது. ஜேர்மனியிலும் அதுவே நடந்தது.

பில்ட் முதல் ஆர்ரிஎல் 2 வரை

2003இல் பில்ட் பத்திரிகை, மியாமியில் கடற்கரையோரம் இருந்துகொண்டு ஜேர்மன் உதவிப்பணம் பெற்ற ஒருவரை "ஃபுளோரிடா றொல்ஃப்" என்ற பெயரில் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. சில மாதங்களுக்குள் வெளிநாட்டில் உதவி பெறுவதற்கான விதி இறுக்கப்பட்டது. 2005 ஜனவரி 1இல் ஹார்ட்ஸ் 4 நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், வொல்ஃப்காங் கிளெமென்ட் தலைமையிலான பொருளாதார அமைச்சு, உதவிப்பண மோசடி பற்றிய தனது அறிக்கையில் ஒட்டுண்ணி என்ற சொல்லையே மனிதரோடு சேர்த்துப் பேசியது. சொன்னது அரசின் அமைச்சு என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பின் இது பொழுதுபோக்காகவும் மாறியது. "மார்ட்சான் சிண்டி" என்ற நகைச்சுவைப் பாத்திரம் இளஞ்சிவப்பு ஜொகிங் உடுப்போடு மேடையேறி, ஹார்ட்ஸ் 4 பெண் என்றால் இதுதான் என்ற தோற்றத்தைப் பரப்பியது. அதை நடித்த இல்கா பெசின் தாமே வேலையில்லாமல் இருந்து வந்தவர். 2016இல் அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டார். அதே 2016இல்தான் ஆர்ரிஎல் 2 "ஹார்ட்ஸ் உண்ட் ஹெர்ஸ்லிஷ்", "ஆர்மெஸ் டொய்ச்லாண்ட்" ஆகிய தொடர்களைத் தொடங்கியது. இரண்டாவது தொடரின் துணைத் தலைப்பே, முத்திரை குத்துவதா முறிந்து உழைப்பதா என்று கேட்கிறது. உதவி பெறுபவர் ஒரு பக்கம், உழைப்பவர் மறுபக்கம் என்ற பிரிப்பு தலைப்பிலேயே முடிந்துவிடுகிறது.

இந்தத் தொடர்கள் எல்லாம் பொய் என்று நாம் சொல்லவில்லை. சிலவற்றில் மனிதரின் பாடும் கண்ணீரும் உண்மையாகவே பதிவாகின்றன. ஆனால் தெரிவு செய்வது ஆசிரியர் குழு. காலை 5 மணிக்கு அலுவலகம் துப்புரவு செய்துவிட்டு வந்து பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு ஓடும் பெண், கமராவுக்கு முன் இருக்க நேரமில்லாதவர். நேரம் இருப்பவரே படத்தில் வருகிறார். படத்தில் வந்தவரே எல்லோருக்கும் அடையாளமாகிறார். இதைவிட, ஆவணப்படம் போலத் தோன்றினாலும் எழுதிக் கொடுத்ததைச் சாதாரண மனிதர்கள் நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. ஏஆர்டியின் பனோரமா நிகழ்ச்சி 2011இல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

2010: டோர்ட்மண்டிலிருந்து போன ஒரு வழக்கு

இந்தக் கதையில் எமது நகரத்துக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. பிள்ளைகளுக்கான ஹார்ட்ஸ் 4 தொகை போதாது என்று டோர்ட்மண்ட், பயர்ன், ஹெசன் ஆகிய இடங்களைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் தொடுத்த வழக்குகள் கார்ல்ஸ்றூவில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போயின. அன்று 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வளர்ந்தவரின் 345 யூரோவில் 60 வீதம், அதாவது 207 யூரோ, என்று அரசு முடிவு செய்திருந்தது. ஏன் 60 வீதம் என்பதற்கு எந்த ஆய்வும் இல்லை.

2010 பெப்ரவரி 9ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் சின்ன அளவு பெரியவர்கள் அல்லர். அவர்களுக்குப் பாடப்புத்தகமும் கொப்பியும் கணிப்பானும் வேண்டும். இந்தக் கணக்கு அரசியலமைப்புக்கு முரணானது. மனித மாண்போடு வாழ்வதற்கான குறைந்தபட்ச வசதி ஓர் அடிப்படை உரிமை. இதுவே தீர்ப்பின் சாரம்.

இரண்டு நாட்கள் கழித்து, அன்றைய வெளியுறவு அமைச்சர் கீடோ வெஸ்டர்வெல்ல டி வெல்ட் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், உழைக்காமல் வசதி தருவதாக மக்களுக்கு வாக்களிப்பது உரோமப் பேரரசின் கடைசிக் காலச் சீரழிவுக்கு அழைப்பு என்று சொன்னார். பிள்ளையின் கொப்பியைப் பற்றிய தீர்ப்பு, வாரக்கணக்கில் சோம்பேறிகளைப் பற்றிய விவாதமாக மாறிப்போனது.

அந்த விவாதத்தின் பலன் 2011இல் தெரிந்தது. வளர்ந்தவருக்கு 5 யூரோ கூடியது. பிள்ளைகளுக்குப் பாடசாலைத் தேவை, சுற்றுலா, விளையாட்டுக் கழகம் ஆகியவற்றுக்கான கல்விப் பொதி வந்தது. மாதத் தொகை கூடவில்லை. புதிய கணக்கிலிருந்து மதுவும் புகையிலையும் நீக்கப்பட்டன. அதே ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை ஹார்ட்ஸ் 4 பெறும் தாய்க்கும் கையில் மிஞ்சிய 300 யூரோ எல்ரர்ன்கெல்ட் முழுவதும் வருமானமாகக் கழிக்கப்படத் தொடங்கியது. உழைப்பவரின் குழந்தைக்கு அரசு தரும் அந்தப் பணம், உதவி பெறும் தாயின் குழந்தைக்குக் கையில் மிஞ்சவில்லை.

கணக்கை எழுதிப் பார்த்தால்

2023 ஜனவரியில் ஹார்ட்ஸ் 4இன் பெயர் பூர்கர்கெல்ட் என்று மாறியது. "பிள்ளைப்பணம், சோசல், வீட்டு வாடகை, தகப்பன் காசு, எல்லாம் சேர்த்து அள்ளுகினம்" என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளையோடு வாழும் தாய் ஒருவரின் மாதக் கணக்கை எழுதுவோம். வாடகை வெப்பச் செலவோடு 600 யூரோ என்று வைப்போம்.

தாயின் அடிப்படைத் தொகை 563 யூரோ. 7 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியே வளர்ப்பதற்கான மேலதிகத் தேவை அதில் 36 வீதம், அதாவது 202.68 யூரோ. பிள்ளையின் தொகை 357 யூரோ. பிள்ளைகளுக்கான உடனடிக் கொடுப்பனவு 25 யூரோ. வாடகை 600 யூரோ. மொத்தம் 1747.68 யூரோ.

இதன் மேல் கிண்டர்கெல்ட் 255 யூரோவும், தகப்பன் காசும் தனியாக வருகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிண்டர்கெல்ட் பிள்ளையின் வருமானமாக முழுவதும் கழிக்கப்படுகிறது. தகப்பனின் தாபரிப்புப் பணமும், அவர் தராதபோது அரசு தரும் முற்பணம் 227 யூரோவும் அப்படியே. ஆகவே மொத்தத் தொகையில் 482 யூரோ வேறு இடத்திலிருந்து வருகிறது. ஜொப்சென்ரர் தருவது 1265.68 யூரோ. வாடகை போனால் இரண்டு பேருக்கு மாதத்துக்கு 1147.68 யூரோ. மின்சாரம், சாப்பாடு, சப்பாத்து, கைபேசி, பயணம், பழுதான உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் இதற்குள்தான். அள்ளுவதற்கு இதில் எதுவும் இல்லை.

"வேலைக்குப் போனால் எல்லாத்தையும் வெட்டிப்போடுவாங்கள்" என்பதும் பாதி உண்மைதான். சம்பளத்தில் முதல் 100 யூரோவும், 100 முதல் 520 வரையில் 20 வீதமும், 520 முதல் 1000 வரையில் 30 வீதமும் கழிக்கப்படுவதில்லை. வரிக்கு முன் 900 யூரோ உழைக்கும் தாய்க்கு 298 யூரோ கூடுதலாகக் கையில் நிற்கும். நாட்டில் சுமார் 8 இலட்சம் பேர் வேலையும் செய்துகொண்டு, சம்பளம் போதாமல் உதவியும் பெறுகிறார்கள். தொலைக்காட்சியின் பிரிப்பில் இவர்களை எந்தப் பக்கத்தில் வைப்பது?

வேலையை மறுப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். மோசடி செய்பவர்களும் இருக்கிறார்கள், தண்டிக்கப்பட வேண்டியவர்களே. அளவை மட்டும் பார்ப்போம். 2024 கோடையில், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பொதுச் செயலாளர் கார்ஸ்டன் லின்னெமன், வேலை செய்ய மறுப்போர் ஓர் இலட்சத்துக்கு மேல் என்ற பொருளில் பேசினார். வேலையையோ பயிற்சியையோ மறுத்ததற்காக 2023இல் விதிக்கப்பட்ட வெட்டுகள் சுமார் 16 ஆயிரம். வேலை செய்யக்கூடியவர்கள் என்று பதிவானோர் சுமார் 40 இலட்சம்.

திரையில் வராத கடனாளி

கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் ஐந்தொகையைப் பார்க்கும்போது முதலில் கேட்பது, யார் யார் கடன் வைத்திருக்கிறார்கள் என்பதே. தனித்தாயைப் பற்றிய நிகழ்ச்சிகளில் செலவுப் பக்கம் மட்டும் காட்டப்படுகிறது. கடனாளியின் பெயர் வருவதில்லை. அவர் பிள்ளையின் தகப்பன்.

தகப்பன் பணம் தராதபோது அரசு தாபரிப்பு முற்பணம் தருகிறது. ஜேர்மனியில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதைப் பெறுகிறார்கள். அரசு அதைப் பின்னர் தகப்பனிடம் அறவிட வேண்டும். அறவிடப்படுவது அண்மைய ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட எட்டுவதில்லை. சிலரிடம் உண்மையிலேயே பணம் இல்லை; சிலர் தலைமறைவு; சிலர் கையில் காசு வாங்கி வேலை செய்துவிட்டு வருமானம் இல்லை என்கிறார்கள். பணம் தராத தகப்பனை வாராவாரம் பின்தொடரும் தொடர் ஒன்றை நாம் எந்தத் தொலைக்காட்சியிலும் காணவில்லை. வளர்ப்பவர் சந்தேகத்துக்குரியவராகிறார், விட்டுப் போனவர் கதையிலிருந்தே போய்விடுகிறார்.

எங்கள் வீடுகளுக்குள்

எமது சனம் இந்தத் தொடர்களை ஜேர்மன் மொழி பழகவும் பார்த்தது, பொழுதுபோகவும் பார்த்தது. அதோடு ஊரிலிருந்து கொண்டுவந்த சொற்களும் சேர்ந்துகொண்டன: "வாழாவெட்டி", "புருசனை விட்டிட்டு வந்தவ". இரண்டும் சேர்ந்து "சோசலுக்காகப் பிரிஞ்சவ" என்ற புதிய பழியாகியுள்ளது. ஊரில் போர் முடிந்தபின், வடக்கு கிழக்கில் கணவரை இழந்த பெண்கள் சுமார் 89 ஆயிரம் என்று 2010இல் அரச தரப்பே சொன்னது. அவர்களுக்காகக் கோவில்களிலும் மண்டபங்களிலும் நிதி சேர்க்கும் நாம், அதே நிலையில் பக்கத்து வீட்டில் வாழும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்ப்பது முரணாக இல்லையா?

இந்தப் பேச்சின் விலை பெரியது. உரிமை உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உதவிக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்று நியூரன்பேர்க்கில் உள்ள தொழிற்சந்தை ஆய்வு நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது. வெட்கமும் அதற்கு ஒரு காரணம். எமது பெண்களில் சிலர் வெட்கத்தால் விண்ணப்பிப்பதில்லை. சிலர் அடி வாங்கிக்கொண்டும் அதே வீட்டில் இருக்கிறார்கள், வெளியே வந்தால் என்ன பெயர் வரும் என்று தெரிந்ததால். அப்படியான நிலையில் உள்ளவர் 116 016 என்ற இலவச உதவி இலக்கத்தை எந்த நேரமும், பெயர் சொல்லாமலே அழைக்கலாம்.

சட்டமும் இப்போது இந்தப் படத்தின் பக்கம் நகர்ந்துள்ளது. 2024 யூன் 27 வரை, தனது பிழையால் அல்லாமல் உதவி பெறுபவருக்குக் குடியுரிமைக்கான உரிமை தடைப்படவில்லை. சிறு பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாய் அதற்குத் தெளிவான உதாரணம். புதிய சட்டம் அந்தப் பொது விலக்கை நீக்கிவிட்டது. கடந்த 24 மாதங்களில் 20 மாதம் முழுநேர வேலை செய்தவருக்கும், பிள்ளையோடு சேர்ந்து வாழும் அவரது துணைக்கும் விலக்கு உண்டு. அதாவது கணவன் முழுநேரம் உழைத்தால் வீட்டிலிருக்கும் மனைவிக்குக் கதவு திறக்கும். தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டு அரைநேரம் உழைக்கும் தாய்க்கு அந்தக் கதவு இல்லை. கடும் பாதிப்பு என்று காட்டி, அதிகாரியின் விருப்புரிமையின் கீழ் கேட்கும் வழி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே ஆலோசனை பெறாமல் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டியவை

2025ஆம் ஆண்டு விதிப்படி, பிள்ளைக்கு 3 வயது ஆகும்வரை தனித்து வளர்ப்பவரை வேலைக்குப் போகும்படி ஜொப்சென்ரர் கட்டாயப்படுத்த முடியாதிருந்தது. அதன்பிறகும் பிள்ளையைப் பார்க்க இடம் உறுதியாக இருக்க வேண்டும்.

தாபரிப்பு முற்பணத்துக்கு யூகெண்ட்அம்ட் எனப்படும் இளையோர் பணிமனையில் விண்ணப்பிக்க வேண்டும். 2017 யூலையிலிருந்து 18 வயதுவரை கிடைக்கும். 12 வயதுக்கு மேல் சில நிபந்தனைகள் உண்டு. தகப்பன் இறந்தவராக, காணாமல் போனவராக, இலங்கையில் இருப்பவராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். தகப்பனிடம் தாபரிப்புக் கேட்க அதே பணிமனை இலவசமாக உதவும்.

மாதம் வரிக்கு முன் 600 யூரோவாவது உழைக்கும் தனித்தாய், பிள்ளை ஒருவருக்கு 297 யூரோ வரை கிண்டர்சூஷ்லாக் பெற முடியுமா என்று பார்க்க வேண்டும். ஜொப்சென்ரரிலிருந்து வெளியேறும் வழியாகவும் அது அமையலாம்.

அங்கீகரிக்கப்பட்ட அகதியின் வதிவிட அனுமதி, உதவி பெறுவதால் மட்டும் பறிபோவதில்லை. கிண்டர்கெல்ட், கிண்டர்சூஷ்லாக், தாபரிப்பு முற்பணம் ஆகியவை வதிவிடச் சட்டத்தில் பொது உதவியாகக் கணக்கிடப்படுவதில்லை.

முடிவுக் கடிதம் பிழை என்று தோன்றினால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதற்குப் பிறகு சமூக நீதிமன்றம். அங்கே உதவி பெறுபவருக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை.

2022 மே மாதத்தில் தனித்தாய் ஒருவர், நான் வறுமையால் பாதிக்கப்பட்டவள் என்ற அடையாளச் சொல்லோடு ட்விட்டரில் தன் வாழ்வை எழுதத் தொடங்க, ஆயிரக்கணக்கானோர் தங்கள் கதையோடு சேர்ந்துகொண்டார்கள். கமராவுக்குக் காத்திராமல் தாமே பேசியது அந்தக் கோபத்தின் பலம். எமது சமூகத்தில் ஒரு பெண் அவ்வாறு பெயரோடு பேச இன்னும் காலம் எடுக்கலாம். அதுவரை, அவருடைய கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லவும், அலுவலகத்துக்குக் கூடப் போகவும் எங்களில் யாராலும் முடியும். பிள்ளைகளைப் பற்றிய 2010 தீர்ப்பின் ஒரு நுனி, டோர்ட்மண்டில் ஒரு குடும்பம் தனக்கு வந்த முடிவுக் கடிதத்தை ஏற்க மறுத்து எழுதிய ஆட்சேபனையில்தான் இருக்கிறது.